அக்காவுக்கு ஏறப்போகும் மருந்தே ஒரு மரப்பட்டைதான்

கேள்வி: என் அக்காவுக்கு 44 வயது. இடது மார்பில் கட்டி. அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. அக்குளில் இரண்டு நிணநீர்க் கணுக்களிலும் பரவியிருந்ததால் கீமோ ஆரம்பித்தார்கள். ரிப்போர்ட்டில் ஹார்மோன் ரிசப்டர் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ் என்று இருக்கிறது. சிவப்பு மருந்து நான்கு தடவை முடிந்தது. அடுத்து பக்லிடாக்சல் வாரம் ஒன்று வீதம் பன்னிரண்டு வாரம், அப்புறம் கதிர்வீச்சு, பிறகு டாமாக்சிஃபென் மாத்திரை என்கிறார்கள். நான்காவது தடவையோடு அக்கா ரொம்பத் தளர்ந்துவிட்டாள். இந்த நேரத்தில் மாமாவின் நண்பர் 'நானோ குர்குமின்' காப்ஸ்யூல் ஒரு டப்பா கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். 'செடியிலிருந்து எடுத்தது, பக்கவிளைவு கிடையாது, நானோ என்பதால் நேரே கட்டிக்குள்ளேயே போய்விடும்' என்கிறார். மார்பகப் புற்று செல்களை அது கொன்றதாகப் படம் போட்ட ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றையும் அனுப்பினார். கீமோவை விட்டுவிட்டு இதற்கு மாறலாமா என்று அக்கா கேட்கிறாள். இல்லையென்றால் இரண்டையும் சேர்த்தாவது எடுக்கலாமா? 'நானோ கீமோ' என்றே ஒன்று இருக்கிறதாமே, அதைக் கேட்டுப் பார்க்கலாமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அக்கா காத்துக்கொண்டிருப்பார், அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீமோவை விடக் கூடாது. கீமோ ஓடுகிற இந்த மூன்று மாதமும் அந்தக் காப்ஸ்யூலும் வேண்டாம். நானோ கீமோவைப் பற்றி டாக்டரிடம் தாராளமாகக் கேளுங்கள். 'உங்களுக்கு அது அவசியமில்லை' என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அப்படி வந்தால் உங்களை ஒதுக்கிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

நான் டாக்டர் இல்லை. கீமோ மருந்துகளைக் கலந்து வார்டுக்கு அனுப்புகிற மருந்தாளுநர். மருந்து எங்கிருந்து வருகிறது, எதில் கரைகிறது, உடம்புக்குள் போனபின் என்ன ஆகிறது என்பதுதான் என் பிழைப்பு. அதை வைத்தே பேசுகிறேன். அக்காவின் சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர் அவருடைய ஆன்காலஜிஸ்ட், அதாவது புற்றுநோய் மருத்துவர்.

'செடியிலிருந்து எடுத்தது' என்கிறாரே நண்பர், பக்லிடாக்சல் எதிலிருந்து வந்தது என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அது ஒரு மரப்பட்டை. வட அமெரிக்காவின் மேற்குக் கரைக் காடுகளில் பசிபிக் யூ என்று ஒரு மரம் உண்டு. மரம் வெட்டுபவர்கள் ஒன்றுக்கும் உதவாது என்று எரித்துப்போட்டுக்கொண்டிருந்த மரம். தாவரங்களில் புற்றுநோய் மருந்து தேடிய அமெரிக்க அரசுத் திட்டத்துக்காக 1962இல் ஆர்தர் பார்க்லே என்ற தாவரவியலாளர் அதன் பட்டையைச் சேகரித்து அனுப்பினார். மன்ரோ வால், இந்தியாவில் பிறந்த மன்சுக் வாணி என்ற இரண்டு வேதியியலாளர்கள் அதிலிருந்து ஒரே ஒரு மூலக்கூறைப் பிரித்தெடுத்து, 1971இல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். அது செல்லுக்குள் என்ன செய்கிறது என்பதை 1979இல் சூசன் ஹார்விட்ஸ் கண்டுபிடித்தார். சினைப்பைப் புற்றுக்கு 1992இலும் மார்பகப் புற்றுக்கு 1994இலும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பட்டையை உரித்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் 32 வருஷம்.

அது செய்கிற வேலையைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே நுண்குழல்களால் ஒரு சாரம் கட்டிக்கொள்ளும். கட்டிடத்துக்குக் கட்டுகிற சாரம் மாதிரிதான். வேலை முடிந்ததும் சாரத்தைப் பிரித்தால்தான் செல் இரண்டாகும். பக்லிடாக்சல் போய் அந்தச் சாரத்தின் முடிச்சுகளை இறுக்கிவிடுகிறது, பிரிக்கவே முடியாது. நடுவழியில் மாட்டிக்கொண்ட செல் செத்துப்போகிறது. நித்யகல்யாணிச் செடியிலிருந்து வந்த வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின், அவற்றின் தம்பியான வினோரெல்பின் எல்லாம் இதற்கு நேர் எதிர். அவை சாரத்தைக் கட்டவே விடாது. இதில் வினோரெல்பினை மார்பகப் புற்றுக்கும் கொடுக்கிறோம். நித்யகல்யாணியை 1950களில் கனடாவில் ஆராய்ந்தவர்கள் தேடியது சர்க்கரை நோய்க்கான மருந்தை. அது கிடைக்கவில்லை, எலிகளின் வெள்ளணுக்கள் மளமளவென்று குறைவதைப் பார்த்தார்கள். அங்கிருந்து தொடங்கிய கதை அது.

ஆக, அக்கா செடியை விட்டுவிட்டு ரசாயனத்துக்குப் போகவில்லை. இன்னும் சொன்னால், முடிந்துபோன நான்கு தடவையில் ஏறிய அந்தச் சிவப்பு மருந்து டாக்ஸோரூபிசின். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா தருவது. அதோடு சேர்த்துக் கொடுத்திருக்கக்கூடிய சைக்ளோபாஸ்பமைடுதான் முழுக்க முழுக்க ஆய்வகத்தில் பிறந்தது. மூன்றில் எது 'இயற்கை' என்று பார்த்தா பக்கவிளைவு வருகிறது? யூ மரத்தின் இலையைத் தின்ற மாடு செத்துப்போகும். விஷம் செடியில் இருந்தாலும் விஷம்தான். அதை மருந்தாக மாற்றுவது அளவும், அந்த அளவைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழியும்.

அளவு என்றேன் அல்லவா, ஒரு கணக்கு பாருங்கள். வாராந்திர பக்லிடாக்சல் உடல் பரப்பளவில் ஒரு சதுர மீட்டருக்கு 80 மில்லிகிராம். அக்காவின் பரப்பளவு 1.6 என்று வைத்துக்கொண்டால் ஒரு வாரத்துக்கு 128 மில்லிகிராம். யூ பட்டையில் இந்த மூலக்கூறு இருப்பது ஏறக்குறைய 0.01 சதவீதம். அப்படியானால் ஒரு வாரத்து மருந்துக்கே ஒன்றேகால் கிலோ காய்ந்த பட்டை வேண்டும். அதையும் கஷாயமாகக் காய்ச்சிக் குடித்துப் பயனில்லை. பக்லிடாக்சல் தண்ணீரில் கரையாது. வாய்வழியாகப் போனால் குடல் சுவரே அதை வெளியே தள்ளிவிடும், மீறி உள்ளே போனதைக் கல்லீரல் உடைத்துவிடும். பட்டையை உரித்தால் மரமும் செத்துவிடும். அதனால் இப்போது யூ வகை மரங்களின் ஊசியிலையிலிருந்து ஒரு முன்மூலக்கூறை எடுத்து ஆய்வகத்தில் முடிக்கிறார்கள், அல்லது அந்த மரத்தின் செல்களையே தொட்டியில் வளர்த்து மருந்தைப் பிரிக்கிறார்கள். டோசிடாக்சல் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதுவும் ஐரோப்பிய யூ மரத்தின் ஊசியிலை வழி வந்ததுதான்.

தண்ணீரில் கரையாது என்ற இந்த ஒரு சங்கடத்திலிருந்துதான் நானோவின் கதை தொடங்குகிறது. கரையாத பொருளை ரத்தத்தில் எப்படி ஏற்றுவது? ஆமணக்கு எண்ணெயை வேதிமாற்றம் செய்து எடுத்த க்ரெமஃபோர் என்ற கரைப்பானிலும் ஆல்கஹாலிலும் கரைத்தார்கள். நாங்கள் இன்றும் அதைத்தான் பெரும்பாலும் கலக்குகிறோம். குப்பிக்குள் லேசாக மஞ்சள் சாயல் கொண்ட, தெளிந்த, கொழகொழவென்ற திரவம். சாதாரண பிவிசி பையில் ஊற்றினால் இந்தக் கரைப்பான் பிளாஸ்டிக்கில் இருப்பதை உருவி மருந்துக்குள் கொண்டுவந்துவிடும். அதனால் கண்ணாடிப் பாட்டிலோ பிவிசி இல்லாத பையோ, அதற்கென்று தனிக் குழாய், நடுவில் ஒரு ஃபில்டர். பக்லிடாக்சல் ஏற்றியவுடன் சிலருக்கு முகம் சிவந்து, மூச்சு முட்டி, ரத்த அழுத்தம் இறங்குகிறதே, அந்த ஒவ்வாமைக்குப் பெரும்பங்கு காரணம் இந்தக் கரைப்பான்தான். மருந்துக்கு முன்னால் ஸ்டீராய்டும் அலர்ஜி ஊசியும் போடுவது அதற்காகத்தான்.

2005 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து ஒன்று இந்தக் கரைப்பானையே தூக்கிப்போட்டது. அதே பக்லிடாக்சலை, நம் ரத்தத்தில் ஏற்கெனவே சுமைதூக்கியாக ஓடிக்கொண்டிருக்கும் ஆல்புமின் என்ற புரதத்தோடு சேர்த்து, சுமார் 130 நானோமீட்டர் துகள்களாக்கினார்கள். தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சொன்ன 'நானோ கீமோ' பெரும்பாலும் இதுதான். நாங்கள் நாப்-பக்லிடாக்சல் என்போம்.

இதைக் கலப்பதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். குப்பிக்குள் 100 மில்லிகிராம் வெளுத்த பொடி. 20 மில்லி சலைனை அதன் மேலேயே பீய்ச்சக் கூடாது. குப்பியின் உட்சுவரில் படுகிற மாதிரி, ஒரு நிமிடமாவது எடுத்துக்கொண்டு இறக்க வேண்டும். அப்புறம் ஐந்து நிமிடம் தொடாமல் வைத்துவிட்டு, மெதுவாகச் சுழற்ற வேண்டும். அவசரப்பட்டுக் குலுக்கினால் நுரை கட்டிவிடும், அது அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். புதிதாகச் சேருகிற பையன்கள் எல்லோரும் ஒருமுறையாவது நுரைக்க வைத்துவிடுவார்கள். சரியாகக் கலந்தால் பால் மாதிரி ஒரே சீராக இருக்கும். அந்த வெண்மைதான் நானோ துகள்கள். க்ரெமஃபோர் இல்லாததால் ஒவ்வாமைக்கான முன்மருந்து பெரும்பாலும் தேவைப்படாது, அரை மணியில் ஏற்றிவிடலாம்.

பலன்? நோய் பரவிய நிலையில் இருந்த பெண்களிடம் நடந்த ஆய்வில் கட்டி சுருங்கியவர்கள் நாப்-பக்லிடாக்சலில் 33 சதவீதம், பழைய வடிவத்தில் 19 சதவீதம். பெரிய வித்தியாசம்தான். ஆனால் அந்த ஒப்பீடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கும் பக்லிடாக்சலோடு செய்தது. அக்காவுக்குத் தரப்போவது வாராவாரம். வாராந்திர பக்லிடாக்சலோடு வாராந்திர நாப்-பக்லிடாக்சலை மோதவிட்ட பெரிய அமெரிக்க ஆய்வில், பரவிய நோயில் நானோ வடிவம் ஜெயிக்கவில்லை, பக்கவிளைவுதான் கூடியது. அறுவைக்கு முன் கொடுத்துப் பார்த்த ஜெர்மன் ஆய்வு ஒன்றில், கட்டி முழுசாகக் கரைந்தவர்கள் 38 சதவீதமும் 29 சதவீதமுமாக நானோவுக்குச் சாதகமாக வந்தது. அதே கேள்வியைக் கேட்ட இத்தாலிய ஆய்வில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வரவில்லை. நரம்புக்கு வரும் மரமரப்பு மட்டும் நானோவில் பொதுவாக அதிகம்.

என் கருத்தைக் கேட்டால், பக்லிடாக்சலில் கடுமையான ஒவ்வாமை வந்தவருக்கும் ஸ்டீராய்டு தாங்காதவருக்கும் நாப்-பக்லிடாக்சல் ஒரு வரம். மற்றவர்களுக்கு வாராந்திர பக்லிடாக்சலே நன்றாக நிரூபிக்கப்பட்ட மருந்து. அந்த வாராந்திர முறை யாருடைய ஊகத்திலும் வந்ததல்ல. 2008இல் வெளிவந்த ஆய்வில், அக்காவைப் போலவே சிவப்பு மருந்தை முடித்த 4,950 பெண்களுக்கு டாக்சேன் மருந்துகளை (பக்லிடாக்சல், டோசிடாக்சல் வகை) நான்கு விதமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். வாராவாரம் பக்லிடாக்சல் பெற்றவர்களில் ஐந்தாண்டு கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 81.5 சதவீதம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெற்றவர்களில் 76.9 சதவீதம். மருந்து அதேதான், கொடுத்த விதம் மட்டும் வேறு. அக்காவின் சீட்டில் பன்னிரண்டு வாரம் என்று எழுதியிருப்பதற்குப் பின்னால் இந்தப் பெண்கள் இருக்கிறார்கள்.

இப்போது 'நானோ என்பதால் நேரே கட்டிக்குள் போய்விடும்' என்ற பேச்சுக்கு வருவோம். இது முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். வேகமாக வளரும் கட்டியின் ரத்தக்குழாய்கள் அவசரத்தில் கட்டிய சுவர் மாதிரி ஓட்டையும் இடைவெளியுமாக இருக்கும். அந்த இடைவெளி வழியே பெரிய துகள்கள் கசிந்து கட்டிக்குள் தங்கும் என்று 1986இல் ஜப்பானில் மட்சுமுராவும் மயேடாவும் காட்டினார்கள். நானோ மருந்துத் துறையே இந்த நம்பிக்கையின் மேல் எழுந்தது. பத்து வருஷ ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் பார்த்த கட்டுரை 2016இல் வந்தது. எலிகளுக்குச் செலுத்திய நானோ துகள்களில் கட்டியைப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு தெரியுமா? நடு அளவாக 0.7 சதவீதம். நூற்றில் ஒன்றுகூட இல்லை. மீதியில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்ளும். வெளியார் யார் வந்தாலும் வடிகட்டுவது அவற்றின் வேலை. அதுவும் ரத்தத்தில் ஊசி வழியாக ஏற்றிய துகள்களின் கணக்கு. வாயில் போட்டு விழுங்குகிற காப்ஸ்யூல் ரத்தத்தை எட்டுவதற்கு முன்பே வயிற்றையும் குடலையும் கடக்க வேண்டும். நாப்-பக்லிடாக்சல் துகள்கூட ரத்தத்தில் இறங்கியதும் சீக்கிரமே கரைந்து, ஆல்புமினோடு ஒட்டிய தனி மூலக்கூறுகளாகிவிடுகிறது. அதன் நிஜமான லாபம் க்ரெமஃபோரை ஒழித்ததுதான்.

அதேபோல் சிவப்பு மருந்தைக் கொழுப்புக் குமிழிக்குள் அடைத்த லிப்போசோம் வடிவம் 1995இலேயே வந்துவிட்டது. பரவிய மார்பகப் புற்றில் அது சாதாரண சிவப்பு மருந்துக்குச் சமமாக வேலை செய்தது, அதைவிடச் சிறப்பாக இல்லை. ஆனால் இதயத்துக்கு வரும் பாதிப்பு நன்றாகக் குறைந்தது. பதிலுக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரியும் தொல்லை கூடியது. நானோ என்ற வார்த்தை ஒரு பக்கவிளைவைக் குறைத்து இன்னொன்றைக் கொண்டுவருவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

சரி, குர்குமின். மஞ்சளில் இருக்கும் அந்த மஞ்சள் நிறமே அதுதான். மஞ்சள்தூளில் ஏறக்குறைய 3 சதவீதம் இருக்கும். ஆய்வகத்தில் இது பிரமாதமான மூலக்கூறு. எந்தப் புற்று செல் மேல் ஊற்றினாலும் ஏதாவது செய்து காட்டும். மருந்து வேதியியலாளர்கள் சந்தேகப்படுவதும் இதனால்தான். எல்லாச் சோதனையிலும் ஜெயிக்கிற மூலக்கூறு பல நேரம் சோதனை முறையையே குழப்பிவிட்டு ஜெயித்திருக்கும். குர்குமின் உடம்பின் இயல்பான காரத்தன்மையில் நிலையாக நிற்காது, நிமிடக் கணக்கில் சிதையும். குடிக்கிற வழியில் குடல் சுவரும் கல்லீரலும் அதை உருமாற்றி வெளியேற்றிவிடும்.

நண்பர் அனுப்பிய கட்டுரையை நான் பார்க்கவில்லை. ஆனால் அந்த வகைக் கட்டுரை ஏராளமாகப் படித்திருக்கிறேன். பெரும்பாலும் எம்சிஎஃப்-7 என்ற செல்களில் செய்திருப்பார்கள். 1970இல் மார்பகப் புற்றால் இறந்த ஒரு கன்னியாஸ்திரியின் நுரையீரல் உறையில் கட்டிய நீரிலிருந்து வளர்க்கப்பட்டவை, அக்காவின் கட்டியைப் போலவே ஹார்மோன் ரிசப்டர் உள்ளவை. தொண்ணூற்றாறு குழி கொண்ட பிளாஸ்டிக் தட்டில் அந்தச் செல்களைப் போட்டு, மருந்தை ஊற்றி, ஒன்றிரண்டு நாள் கழித்து மஞ்சள் நிறச் சாயம் ஒன்றை விடுவார்கள். உயிரோடு இருக்கும் செல் அதை ஊதா நிறமாக்கும். ஊதா குறைந்த குழியில் செல்கள் செத்தன என்று கணக்கு. தாவரச் சாறுகளும் உலோக நானோ துகள்களும் தாமே இந்தச் சாயத்தோடு விளையாடி நிறத்தை மாற்றிவிடக்கூடும் என்பதைப் பல கட்டுரைகள் கண்டுகொள்வதே இல்லை.

அதைவிட முக்கியமானது அளவு. தட்டில் செல்லைக் கொல்ல 10 முதல் 50 மைக்ரோமோலார் (கரைசலின் செறிவைச் சொல்லும் அலகு) குர்குமின் ஊற்றுவார்கள். தினம் 8 கிராம் குர்குமின் விழுங்கிய மனிதர்களின் ரத்தத்தில் உச்சமாகக் கிடைத்தது 2 மைக்ரோமோலாரைக்கூடத் தொடவில்லை. 8 கிராம் என்பது கால் கிலோவுக்கு மேற்பட்ட மஞ்சள்தூளில் இருக்கும் குர்குமின். இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் நானோ குர்குமின் ஆராய்ச்சி நடக்கிறது: லிப்போசோம், பாலிமர் துகள், மைசெல் என்று பல வடிவம். ஆராய்ச்சி நேர்மையானதுதான், நடக்க வேண்டியதும்கூட. பரவிய மார்பகப் புற்று உள்ள 150 பெண்களுக்கு வாராவாரம் பக்லிடாக்சலோடு ஊசி வழியாகக் குர்குமினோ வெறும் கரைசலோ கொடுத்துப் பார்த்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. குர்குமின் சேர்த்தவர்களில் கட்டி சுருங்கியவர்கள் 51 சதவீதம், சேர்க்காதவர்களில் 33 சதவீதம். நம்பிக்கை தரும் எண்கள். இன்னும் பெரிய ஆய்வு வேண்டும். ஆனால் நண்பரிடம் இதைக் காட்டும்போது இரண்டு விஷயத்தைச் சேர்த்துக் காட்டுங்கள். அது காப்ஸ்யூல் இல்லை, ஊசி. அந்தப் பெண்கள் எல்லோரும் பக்லிடாக்சலும் எடுத்துக்கொண்டார்கள்.

ஊசி என்றதும் 'அப்படியானால் ஊசியாகவே போட்டுக்கொள்ளலாமே' என்று யாராவது கிளம்பிவிடக் கூடாது. 2017இல் அமெரிக்காவில் தோல் அரிப்புக்காகக் குர்குமின் பால்மத்தை ரத்தக்குழாயில் ஏற்றிக்கொண்ட ஒரு பெண் இதயம் நின்று இறந்துபோனார். குப்பியைச் சோதித்தபோது லேபிளில் போட்ட அளவில் வெறும் 2 சதவீதம் அளவுக்குத்தான் குர்குமின் இருந்தது. கரைப்பானாகச் சேர்த்திருந்தது, ஊசிக்குத் தகுதியில்லாத தரத்தில் ஆமணக்கு எண்ணெய் வழிப் பொருள். க்ரெமஃபோரின் உறவுக்காரன்தான்.

இரண்டையும் சேர்த்து எடுக்கலாமா என்ற கேள்வியில்தான் எனக்கு அதிகக் கவலை. பலர் இதை டாக்டரிடம் சொல்வதே இல்லை. 'வெறும் மஞ்சள்தானே' என்று விட்டுவிடுகிறார்கள். குர்குமின் காப்ஸ்யூல்கள் பலவற்றில் அதை ரத்தத்துக்குள் தள்ளுவதற்காக மிளகிலிருந்து எடுத்த பைப்பரின் சேர்க்கிறார்கள். பைப்பரின் எப்படித் தள்ளுகிறது? கல்லீரலும் குடலும் அந்நியப் பொருளை உடைக்கும் நொதிகளைத் தடுத்து. அதில் ஒன்று பக்லிடாக்சலையும் உடைக்கிற நொதி. மருந்தின் அளவை மில்லிகிராம் சுத்தமாகக் கணக்குப் போட்டு நான் அனுப்ப, அதை உடைக்கும் இயந்திரத்தில் வேறொருவர் கை வைத்தால் என் கணக்குக்கு என்ன அர்த்தம்?

பிறகு டாமாக்சிஃபென். உடம்பு அதை எண்டாக்சிஃபென் என்ற வடிவமாக மாற்றினால்தான் முழு வேலை நடக்கும். டாமாக்சிஃபென் எடுக்கும் பெண்களுக்குக் குர்குமினையும் பைப்பரினையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஒரு சிறிய ஆய்வில் எண்டாக்சிஃபென் சுமார் 12 சதவீதம் குறைந்தது. ஏற்கெனவே குறைவாக உருவாகிற உடம்புக்கு அது சின்ன விஷயமில்லை. மார்பகப் புற்று எலிகளிடம் 2002இல் நடந்த ஆய்வில், தீவனத்தில் குர்குமின் கலந்ததும் சைக்ளோபாஸ்பமைடு கட்டியைச் சுருக்குவது தடைபட்டது. மனிதரிலும் அப்படியே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'கெடுதல் எதுவும் செய்யாது' என்று சொல்பவர் எதை வைத்துச் சொல்கிறார் என்று கேட்க இது போதும்.

கல்லீரலை மறக்கக் கூடாது. மஞ்சள் காப்ஸ்யூல்களால் கல்லீரல் வீங்கி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் பற்றிய பதிவுகள் சமீப ஆண்டுகளில் வந்துகொண்டிருக்கின்றன. ஓர் இறப்பும் உண்டு. என் அனுபவத்திலும் ஒரு அம்மாவுக்கு ஐந்தாவது வாரம் ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் திடீரென்று எகிறின. பக்லிடாக்சல்தான் காரணமோ என்று மருந்தை இரண்டு வாரம் தள்ளிப்போட்டார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். மூன்றாவது வாரம்தான் அவர் மகள் பையிலிருந்து ஒரு காப்ஸ்யூல் டப்பாவை எடுத்துக் காட்டினாள். நிறுத்தியதும் நொதிகள் இறங்கின. காப்ஸ்யூல்தான் காரணம் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அந்த இரண்டு வாரம் போனது போனதுதான். இதெல்லாம் செறிவூட்டிய காப்ஸ்யூலைப் பற்றிய பேச்சு. உணவில் கலக்கும் மஞ்சளை நிறுத்தச் சொல்லவில்லை.

கீமோவை விட்டுவிட்டு முழுசாக மாறுவதைப் பற்றி ஒரே ஓர் எண் சொல்கிறேன். இன்னும் பரவாத நிலையில் இருந்தும், வழக்கமான சிகிச்சை எதுவும் வேண்டாம் என்று மாற்று முறையை மட்டும் தேர்ந்தெடுத்த நோயாளிகளை அமெரிக்காவின் புற்றுநோய்ப் பதிவேட்டிலிருந்து எடுத்துப் பார்த்து 2018இல் வெளியிட்டார்கள். மார்பகப் புற்றில் அவர்களுடைய இறப்பு அபாயம், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைப்போல 5.68 மடங்கு. அக்கா அறுவை சிகிச்சை முடித்தவர், அதனால் இந்த எண் அவருக்கு அப்படியே பொருந்தாது. திசை எந்தப் பக்கம் என்று மட்டும் பாருங்கள்.

தாவரமும் நுண்தொழில்நுட்பமும் மார்பகப் புற்றில் நிஜமாகவே கைகோத்த இடம் ஒன்று உண்டு, நண்பருக்குப் பிடிக்கும், சொல்லுங்கள். எத்தியோப்பியாவில் சேகரித்த ஒரு செடியிலிருந்து 1972இல் மேடான்சின் என்ற மூலக்கூறு கிடைத்தது. படு உக்கிரமான விஷம். தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள், நோயாளிகளால் தாங்க முடியவில்லை, மூட்டைகட்டி வைத்துவிட்டார்கள். பல வருஷம் கழித்து அதன் வழித்தோன்றல் ஒன்றை, சில மார்பகப் புற்று செல்களின் மேல் அதிகமாக இருக்கும் ஹெர்2 புரதத்தைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தின் முதுகில் கட்டிவிட்டார்கள். ஆன்டிபாடி புற்று செல்லைப் பிடித்து உள்ளே இழுபட்டபின்தான் விஷம் அவிழும். 2013இல் அனுமதி பெற்றது. சீனாவின் காம்ப்டோதீக்கா மரத்திலிருந்து, அதே வாலும் வாணியும் 1966இல் பிரித்த காம்ப்டோதெசினின் வழிவந்த விஷங்களையும் இப்படியே கட்டி, 2019இலும் 2020இலும் இரண்டு மருந்துகள் வந்தன. ஹார்மோன் ரிசப்டர்களும் ஹெர்2வும் இல்லாத ட்ரிபிள் நெகட்டிவ் வகையில், ஏற்கெனவே பல மருந்து தோற்றுப்போன பெண்களின் நடு ஆயுளை (பாதிப் பேர் உயிரோடு இருந்த காலத்தை) 6.7 மாதத்திலிருந்து 12.1 மாதமாக்கியது அதில் ஒன்று. ஓர் ஆன்டிபாடியின் அளவு சுமார் 10 நானோமீட்டர். 'நேரே கட்டிக்குப் போகும்' என்ற பேச்சுக்கு இன்றைக்கு மிக நெருங்கி வருவது இவைதான். இதிலும் குமட்டல் உண்டு, வெள்ளணு குறைவது உண்டு, ஒன்றில் நுரையீரல் அழற்சிகூட உண்டு. அக்காவின் இப்போதைய நிலைக்கு இவை தேவைப்படவில்லை, அது நல்ல செய்தி.

அக்கா தளர்ந்திருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவரிடம் இதைச் சொல்லுங்கள்: சிவப்பு மருந்தைவிட வாராந்திர பக்லிடாக்சல் பலருக்கு லேசாகத் தாங்கும். வாந்தி குறைவு. முதல் தடவையிலும் இரண்டாவது தடவையிலும் ஏற ஆரம்பித்த முதல் பத்து நிமிடம் நர்ஸ் பக்கத்திலேயே நிற்பார். முதுகு இறுகுகிற மாதிரியோ முகம் சுடுகிற மாதிரியோ இருந்தால் உடனே சொல்லிவிட வேண்டும், பொறுத்துக்கொண்டு இருக்கக் கூடாது. நிறுத்திவிட்டு மெதுவாகத் திரும்ப ஏற்ற முடியும்.

வாரங்கள் போகப்போகக் கவனிக்க வேண்டியது விரல் நுனியும் கால்விரலும். சாரம் என்று சொன்னேனே, அதே நுண்குழல்கள்தான் நரம்புக்குள் தண்டவாளமாக ஓடுகின்றன. உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்கும் கைக்கும் போகிறவை, அதனால் மரமரப்பு முதலில் அங்கே வரும். ஊக்கு மாட்டுவது, பட்டன் போடுவது, கீழே கிடக்கும் சில்லறையை எடுப்பது கஷ்டமாக இருக்கிறதா என்று ஒவ்வொரு வாரமும் கேளுங்கள். ஆமாம் என்றால் அடுத்த மருந்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், ஒரு வாரம் தள்ளலாம். இதற்கு நரம்புச் சத்து மாத்திரை என்று யாராவது எதையாவது நீட்டினால் வாங்கிவிட வேண்டாம். அசிட்டைல் எல்-கார்னிடின் என்ற சத்துப்பொருள் மரமரப்பைத் தடுக்கும் என்று நம்பி, டாக்சேன் மருந்து பெறும் 409 பெண்களிடம் சோதித்தார்கள். எடுத்துக்கொண்டவர்களுக்கு மரமரப்பு கூடியது.

அந்த டப்பாவைத் தூக்கி எறிய வேண்டாம். நண்பர் அக்கறையில் கொடுத்தது, அவரிடம் சண்டையும் வேண்டாம். முதல் பக்லிடாக்சலுக்குப் போகும்போது அதையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். அக்கா எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை எடுத்தார் என்று ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எடுக்கவே இல்லை என்றாலும் காட்டுங்கள். டப்பாவின் பின்பக்கத்தை அங்குள்ள மருந்தாளுநரைப் படிக்கச் சொல்லி, பைப்பரின் இருக்கிறதா, வேறு என்ன கலந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகளையும் அன்றைக்கே பார்த்துவிடலாமா என்று கேளுங்கள்.